குடல் புண்ணுக்குப் பழைய சோறும் தயிரும்: மருந்தா, மருந்துக்குத் துணையா?

சென்ற ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பு, மஃரிப் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, பள்ளிவாசல் வாசலில் ஒரு தாயும் மகனும் நின்றிருந்தார்கள். மகனுக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். முகம் வெளுத்து, சட்டை தோளில் தொங்கியது. தாயின் கையில் தண்ணீர் பாட்டில். "ஹஜ்ரத், இவனுக்கு அல்சர். எதைச் சாப்பிட்டாலும் ரத்தமாகப் போகிறது. கொஞ்சம் ஓதிக் கொடுங்கள்" என்றார்.

ஓதிக் கொடுத்தேன். பிறகு மருத்துவமனைச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்த சீட்டில் 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்று எழுதியிருந்தது. இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருந்தவன், நான்கு மாதம் முன்பு தானாக நிறுத்திவிட்டான். காரணம் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோ. காலையில் பழைய சோறு, மதியம் தயிர், இரவில் மோர். இதுவே போதும், மாத்திரை எல்லாம் விஷம் என்று ஒருவர் அதில் பேசுகிறார். அதன் தலைப்பு 'நபிவழி மருத்துவம்'. பழைய சோற்றுக்கும் நபிவழிக்கும் என்ன தொடர்பு என்று அந்த வீடியோவில் ஒரு வார்த்தை கூட இல்லை. தலைப்பு மட்டும் வேலை செய்துவிட்டது.

மார்க்கத்தின் பெயரைச் சொல்லி ஒருவரின் மாத்திரையை நிறுத்த வைக்கிறார்கள் என்றால், அதைப் பற்றி மார்க்கம் படித்தவன் பேசியாக வேண்டும். ஆனால் பழைய சோறும் தயிரும் வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்குவதும் உண்மைக்குப் பொருந்தாது. அதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயர். நம் வீடுகளில் 'அல்சர்' என்றால் இரைப்பையில் வரும் புண். நேரத்துக்குச் சாப்பிடவில்லை, காரம் அதிகம், வயிறு எரிகிறது என்று சொல்வோமே, அது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வேறு நோய், வேறு உறுப்பு. இது பெருங்குடலின் உட்சுவரில் வரும் அழற்சி. ஆசனவாய்க்கு அருகே மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். மலத்தோடு ரத்தமும் சளியும் போகும். கழிவறைக்கு ஓட வேண்டிய அவசரம் வரும். போய் வந்த பிறகும் முழுதாகப் போகாதது போல இருக்கும். தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும். கிருமிகளோடு போராட அல்லாஹ் நம் உடலில் வைத்திருக்கும் காவல் படை தவறிப்போய் சொந்தக் குடல் சுவரையே தாக்குவதால் வரும் நோய் இது. ஏன் தவறுகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. மரபு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், உணவு, வாழும் சூழல் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. சில மாதங்கள் கொந்தளிக்கும், சில மாதங்கள் அல்லது வருடங்கள் அடங்கிக் கிடக்கும். அடங்கிக் கிடக்கும் காலத்தில்தான் 'குணமாகிவிட்டது' என்று நினைத்து மருந்தை விட்டுவிடுகிறோம்.

இதை வெள்ளைக்காரர்களின் நோய் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். பஞ்சாபில் லூதியானா மருத்துவர்கள் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து 2003-இல் வெளியிட்டபோது, ஒரு லட்சம் பேரில் 44 பேருக்கு இது இருந்தது. நம் பக்கத்தில் பலருக்கு இது இருப்பதே தெரியாமல் போவதற்கு வெட்கம் ஒரு காரணம். ரத்தம் போனால் மூலம் என்று முடிவு கட்டி, பஸ் நிலையத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் மூலம்–பௌத்திரம் நோட்டீஸைப் பார்த்து எங்கோ போய்விடுகிறார்கள். பெண்கள் கணவரிடம்கூடச் சொல்வதில்லை. அமீபா கிருமியால் வரும் சீதபேதியும், குடலில் வரும் காசநோயும் ஏறத்தாழ இதே போலத்தான் தெரியும். அவற்றின் மருந்து வேறு. கொலனோஸ்கோப்பி செய்து, சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தால்தான் எது என்று பிரிக்க முடியும். ஆகவே மூன்று வாரத்துக்கு மேல் ரத்தமும் சளியும் போனால் தயிரா மோரா என்ற கேள்விக்கே இடமில்லை. முதலில் மருத்துவர்.

இனி அந்தப் பாதி உண்மை.

நம் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாம் செரிக்க முடியாமல் விட்ட மாவுச்சத்தையும் நார்ச்சத்தையும் அவை புளிக்க வைத்து, பியூட்டிரேட் போன்ற அமிலங்களைத் தயாரிக்கின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அந்த பியூட்டிரேட்தான் முக்கியமான உணவு. கொலைட்டிஸ் நோயாளிகளின் குடலில் இந்த நல்ல வகைகள் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குறைந்ததைத் திரும்பக் கொடுத்தால் என்ன என்ற யோசனை இயல்பாக வருகிறது. யோசனை பழையதுதான். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த, 1908-இல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாஃப், பல்கேரிய நாட்டுப்புறத்தார் நீண்ட நாள் வாழ்வதற்கு அவர்கள் உண்ணும் தயிரே காரணம் என்று எழுதி, ஐரோப்பா முழுவதும் தயிரைப் பேசவைத்தார்.

சோற்றின் கதை நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. சமைத்த அரிசி ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறும். சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்குப் போய் அங்கே நுண்ணுயிர்களுக்கு இரையாகும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் டாக்டர் ராமகிருஷ்ணா குழுவினர், காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்பு–சர்க்கரைக் கரைசலில் இத்தகைய செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பேதியின் அளவும் குறைந்தது, நின்ற நேரமும் முந்தியது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் முதன்மையான மருத்துவ இதழில் அது வெளிவந்தது. அதில் கொடுத்தது மக்காச்சோள மாவு, நோய் காலரா. ஆனாலும் பெருங்குடலுக்கு மாவுச்சத்தை இரையாக அனுப்பினால் பலன் உண்டு என்பதைக் காட்டியது.

பழைய சோற்றில் இந்த மாவுச்சத்தும் இருக்கிறது, இரவெல்லாம் நீரில் ஊறுவதால் வளரும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் இருக்கின்றன. எங்கள் திருத்தணியில் இதற்கு இரண்டு பெயர். தமிழ் வீட்டில் பழைய சோறு, தெலுங்கு வீட்டில் சத்தன்னம். எல்லை தாண்டி நகரி, புத்தூர் போனால் தெலுங்குப் பெயர்தான். கேழ்வரகுக் கூழும் இதே புளிப்பில்தான் தயாராகிறது. 2021-இல் சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில், டாக்டர் ஜெஸ்வந்த் தலைமையிலான குடல்–இரைப்பை அறுவைச் சிகிச்சைத் துறை, குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எப்படி உதவுகிறது என்று அரசு நிதியோடு ஆராயத் தொடங்கியது பத்திரிகைகளில் வந்தது. வாட்ஸ்அப் வீடியோவில் பேசியவர் காட்டிய ஒரே ஆதாரமும் அந்தச் செய்தித் துணுக்குதான்.

ஓர் ஆய்வு தொடங்குகிறது என்பது, இது மருந்து என்று நிரூபணமாகிவிட்டது என்று ஆகாது. ஸ்டான்லியில் பழைய சோறு சாப்பிடும் நோயாளி அந்த மருத்துவமனையின் கண்காணிப்பில் இருக்கிறார். ரத்தம் அதிகமானால் அன்றே பார்க்க ஆள் இருக்கிறது. வீடியோ பார்த்து மாத்திரையை வீசியவருக்கு யார் இருக்கிறார்கள்?

சிறிய ஆய்வு ஒன்று அழகான முடிவைத் தந்து, பெரிய ஆய்வு அதைத் தலைகீழாக்கியதும் இந்த நோயிலேயே நடந்திருக்கிறது. ஜப்பானில் பிஃபிடோபாக்டீரியா சேர்த்துப் புளிக்க வைத்த பாலை ஒரு வருடம் தினமும் 100 மில்லி குடித்தவர்களில் 11 பேரில் 3 பேருக்கே நோய் திரும்பியது, குடிக்காத 10 பேரில் 9 பேருக்குத் திரும்பியது என்று 2003-இல் எழுதினார்கள். மொத்தமே 21 பேர். பிறகு 195 பேரை வைத்து, போலிப் பானத்தோடு ஒப்பிட்டு, அதே நாட்டில் செய்து பார்த்தார்கள். 2018-இல் வந்த முடிவு: வித்தியாசம் இல்லை. பலன் தெரியாததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். முதல் ஆய்வை மட்டும் படித்தவர் இன்றும் அதைப் பரப்பிக்கொண்டிருப்பார்.

நல்ல முடிவும் உண்டு, அதுவும் நம் நாட்டிலிருந்தே. லூதியானாவின் டாக்டர் அஜித் சூட் குழுவினர், லேசான மற்றும் நடுத்தர நிலையில் இருந்த 147 பேரைப் பிரித்து, 77 பேருக்கு எட்டு வகை பாக்டீரியா கலந்த விஎஸ்எல்#3 என்ற ப்ரோபயாட்டிக்கும், 70 பேருக்கு அதே போலத் தோன்றும் வெற்றுப் பொடியும் கொடுத்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் ப்ரோபயாட்டிக் எடுத்தவர்களில் 42.9 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, மற்றவர்களில் 15.7 சதவீதம். 2009-இல் வெளியான இது உலகம் முழுவதும் பேசப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ப்ரோபயாட்டிக் எடுத்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் முழுதாக அடங்கவில்லை. அடுத்தது அளவு. ஒரு வேளைக்கு அவர்கள் கொடுத்தது 3.6 லட்சம் கோடி பாக்டீரியா, தினம் இரண்டு வேளை. மருந்துக்கடையில் 500 கோடி என்று அச்சிட்ட கேப்ஸ்யூல் ஒன்றை நீங்கள் வாங்கினால், அந்த ஒரு வேளை அளவை எட்ட 720 கேப்ஸ்யூல் விழுங்க வேண்டும்! போதாக்குறைக்கு 2016-க்குப் பிறகு அந்தப் பெயரில் விற்பதில் இருக்கும் கலவையும், ஆய்வில் பயன்படுத்திய பழைய கலவையும் ஒன்றல்ல. பழைய கலவை வேறு பெயரில் விற்கிறது. 'ப்ரோபயாட்டிக்' என்ற சொல் டப்பாவில் இருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது, 'மாத்திரை' என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பதைப் போல.

ஜெர்மனியில் ஆல்ஃபிரட் நிஸ்லே என்ற மருத்துவர் 1917-இல், உடனிருந்தவர்களுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு வந்தபோது தனக்கு மட்டும் வராத ஒரு போர்வீரரின் குடலிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா வகையும் உண்டு. 327 பேரை ஒரு வருடம் கவனித்த 2004-ஆம் ஆண்டு ஆய்வில், நோய் திரும்பாமல் காப்பதில் அது மெசலமின் மாத்திரைக்கு ஏறத்தாழ ஈடாக நின்றது. ஆனால் அது தயிரில் வளர்வது அல்ல, நம் ஊர் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைப்பதும் அல்ல. எல்லா ஆய்வையும் சேர்த்துப் பார்த்த அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கம் 2020-இல், கொலைட்டிஸுக்கு ப்ரோபயாட்டிக்கை ஆய்வுக்கு வெளியே பொதுவாகப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதாது என்று சொல்லிவிட்டது. உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அது வேறு. அவர் உங்கள் நிலையைப் பார்த்து, மற்ற மருந்தோடு சேர்த்து எழுதுகிறார்.

மாத்திரையை விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நோய் அடங்கி மெசலமின் சாப்பிட்டுக்கொண்டிருந்த 99 பேரை அமெரிக்காவில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2003-இல் வெளியான முடிவு: ஒழுங்காகச் சாப்பிடாதவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு, ஒழுங்காகச் சாப்பிட்டவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல். அந்தத் தம்பிக்கு நடந்தது இதுதான். பழைய சோறு அவனுக்குக் கெடுதல் செய்யவில்லை. மாத்திரை இல்லாததுதான் செய்தது.

"அப்படியானால் தயிரே வேண்டாமா ஹஜ்ரத்?" என்று அந்த அம்மா கேட்டார். சாப்பிடட்டும் அம்மா, நன்றாகச் சாப்பிடட்டும் என்றேன். 2021-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், நோயில்லாத 36 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பத்து வாரம் தயிர், புளித்த காய்கறி போன்றவற்றை அதிகம் கொடுத்தார்கள். அவர்கள் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் பல புரதங்கள் குறைந்தன. நோயாளிகளிடம் செய்ததல்ல என்றாலும் நல்ல திசையைக் காட்டுகிறது. உணவாக, துணையாக, இதற்கு இடமுண்டு.

நம் சமையலறையில் எது உயிரோடு இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இட்லி மாவு அருமையாகப் புளிக்கிறது, ஆனால் ஆவியில் வேகும்போது பாக்டீரியா இறந்துவிடும். இட்லி எளிதில் செரிக்கும் நல்ல உணவு, அவ்வளவே. அதை ப்ரோபயாட்டிக் என்று சொல்ல முடியாது. மோர்க்குழம்பும் அப்படித்தான். தயிர், மோர், பழைய சோற்று நீர், கொதிக்க வைக்காமல் கரைத்த கூழ் இவற்றில்தான் உயிருள்ளவை இருக்கும். ஊறுகாயை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நம் ஊறுகாய் பெரும்பாலும் உப்பிலும் எண்ணெயிலும் காரத்திலும் பாதுகாக்கப்படுவது. நோய் கொந்தளிக்கும்போது அந்தக் காரம் எரிச்சலைக் கூட்டும். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். பாலில் உள்ள சர்க்கரையில் ஒரு பங்கை பாக்டீரியா தின்றுவிடுவதே காரணம். தயிரும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வற்புறுத்தி ஊட்டாதீர்கள்.

சுத்தம் மிக முக்கியம். வெயில் பட்டியலில் எங்கள் ஊர்ப் பெயர் அடிக்கடி வரும். சித்திரை மாதம் சமைத்த சோற்றை மாலை வரை அப்படியே மூடி வைத்து, இரவில் நீர் ஊற்றினால், அதற்குள் பாசிலஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகிவிடலாம். அதன் வித்துகள் சமையலில் சாவதில்லை. அது விடும் நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. சோறு ஆறியவுடன், கொதித்து ஆறிய நீரை ஊற்றி, சுத்தமான மண் சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ வைத்து, காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். வாடை மாறினாலோ நூல் விட்டாலோ கொட்டிவிடுங்கள். வீண்விரயம் என்று நோயாளிக்கு ஊட்டாதீர்கள். ஸ்டீராய்டு, அசதயோப்ரின், பயோலாஜிக் ஊசி போன்றவை எடுப்பவர்களுக்கு எதிர்ப்பு சக்தி குறைக்கப்பட்டிருக்கும். அவர்கள் வீட்டில் புளிக்க வைத்த எதையும், கடையில் வாங்கும் ப்ரோபயாட்டிக் பொடியையும், மருத்துவரைக் கேட்ட பிறகே எடுக்க வேண்டும். 'இயற்கை, எனவே கெடுதல் இல்லை' என்பது சரியல்ல. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்கு ப்ரோபயாட்டிக் கொடுத்த ஆய்வில், கொடுக்கப்பட்டவர்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள் என்று 2008-இல் தெரியவந்தது. வேறு நோய்தான், ஆனாலும் எச்சரிக்கை.

இறைச்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், கோபிக்காதீர்கள். இங்கிலாந்தில் கொலைட்டிஸ் அடங்கியிருந்த 191 பேரின் உணவை ஒரு வருடம் குறித்துவைத்த 2004-ஆம் ஆண்டு ஆய்வில், ஆடு மாட்டு இறைச்சியும் பதப்படுத்திய இறைச்சியும் அதிகம் உண்டவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியது. ஹஜ்ஜுப் பெருநாள் வாரத்தில் மூன்று வேளையும் இறைச்சி என்ற நம் வழக்கம் இவர்களுக்கு உகந்ததல்ல. ஒரு துண்டு போதும். வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் போன்ற மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குவதும் நோயைக் கிளப்பலாம்.

ஹலால் பற்றிக் கேட்கிறார்கள். கேப்ஸ்யூலின் மேலுறை பெரும்பாலும் ஜெலட்டின். அது எந்தப் பிராணியிலிருந்து எடுத்தது என்று டப்பாவில் இருப்பதில்லை. பல ப்ரோபயாட்டிக்குகள் பொடியாக, சாஷேயாகக் கிடைக்கின்றன. தாவர உறை போட்டதும் உண்டு. மாற்று இருக்கும்போது மாற்றை எடுப்பதுதான் பேணுதல். மாற்றே இல்லாமல், அவசியம் என்று மருத்துவர் சொல்லும் மருந்தைச் சந்தேகத்தை வைத்து நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் ஊர் ஆலிமிடம் டப்பாவோடு போய்க் கேளுங்கள்.

புளிப்பு என்றவுடன் மதுவா என்ற பயமும் வேண்டாம். பேரீச்சை, உலர்திராட்சையை நீரில் ஊறவைத்த நபீத் பானத்தை நபி (ஸல்) அவர்கள் அருந்தினார்கள் என்றும், மூன்றாம் நாளைத் தாண்டினால் குடிக்காமல் விட்டார்கள் என்றும் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. போதை தரும் நிலைதான் எல்லை. தயிரும் பழைய சோறும் எவ்வளவு சாப்பிட்டாலும் போதை தராது. கடைகளில் வரும் கொம்புச்சா போன்ற பானங்களில் நாள் ஆக ஆக ஆல்கஹால் கூடும். அவற்றைத் தவிர்ப்பது நல்லது. 'கள் குடலுக்குக் குளிர்ச்சி' என்று எல்லை தாண்டிப் போய் வருபவர்கள் சிலர் சொல்கிறார்கள். அதற்கு மார்க்கத்திலும் இடமில்லை, மருத்துவத்திலும் இல்லை. மேலே சொன்ன அதே இங்கிலாந்து ஆய்வில் மதுவும் நோயைத் திருப்பிய பட்டியலில்தான் இருந்தது.

'நபிவழி மருத்துவம்' என்ற தலைப்புக்கு வருகிறேன். உபை இப்னு கஅப் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் மருத்துவர் ஒருவரை அனுப்பினார்கள், அவர் நரம்பை வெட்டிச் சூடு வைத்தார் என்ற செய்தியும் முஸ்லிமில்தான் இருக்கிறது. தேன் பற்றிய ஹதீஸை மனப்பாடமாகச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. அறிந்த மருத்துவரிடம் அனுப்புவதும் நபிவழிதான்.

நோன்பு பற்றி அந்தத் தம்பியே தயங்கித் தயங்கிக் கேட்டான். ரத்தம் போய்க்கொண்டிருக்கும் நிலையில் நோன்பு வைக்க வேண்டாம். நோயாளிக்கு அல்லாஹ்வே குர்ஆனில் சலுகை கொடுத்திருக்கிறான். குணமான பின் களா செய்துகொள்ளலாம். வைக்கவே முடியாது என்று நம்பிக்கை அற்றுப்போனவர் நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவு என்ற ஃபித்யா கொடுக்க வேண்டும். நோய் அடங்கியிருப்பவர் ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் போய், மாத்திரையை ஸஹர், இஃப்தார் நேரத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்கட்டும். மெசலமினை ஒரு நாளுக்கு ஒரே வேளையாகவும் கொடுப்பதுண்டு. ஆசனவாய் வழியாக ஏற்றும் எனிமாவும், அங்கே வைக்கும் மாத்திரையும் ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபிலும் நோன்பை முறிக்கும். எனிமாவைப் பொதுவாக இரவு படுக்கும்போதுதான் ஏற்றச் சொல்வார்கள் என்பதால் இதில் சிக்கல் இல்லை. பகலில் என்று எழுதியிருந்தால் இரவுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். நோன்புக் கஞ்சி இவர்களுக்கு நல்ல உணவு. கஞ்சியோடு வரும் வடை, சமோசாதான் தொல்லை.

கடைசியாக அவன் கேட்டது தொழுகையைப் பற்றி. நான்கு மாதமாக அவன் பள்ளிக்கு வரவில்லை. ஜும்ஆவுக்கும் வரவில்லை. இடையில் அவசரம் வந்தால் எல்லோர் முன்னாலும் எழுந்து ஓட வேண்டுமே என்ற கூச்சம். துணியில் பட்டுவிடுமோ என்ற பயம். இதை ஒரு தகப்பனிடம்கூடச் சொல்ல முடியாமல் எத்தனை பேர் வீட்டில் தொழுதுகொண்டிருக்கிறார்கள், அல்லது தொழாமலே இருக்கிறார்கள் தெரியவில்லை.

சட்டம் இதுதான். அவசரம் மட்டும் வந்து போகிறவருக்கு உளூ முறியும்போது முறியும், மறுபடி செய்துகொள்வார். அடக்கிக்கொண்டு தொழுவதுதான் வெறுக்கத்தக்கது, எழுந்து போவது அல்ல. ரத்தமோ கசிவோ நிற்காமல் இருந்து, ஒரு தொழுகையின் நேரம் முழுவதிலும் உளூ செய்து ஃபர்ளு தொழும் அளவுக்கு இடைவெளியே கிடைக்கவில்லை என்றால், ஹனஃபி மத்ஹபில் அவர் மஅதூர், அதாவது தக்க காரணம் உள்ளவர். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு நேரத்திலும் ஒரு தடவையாவது கசிவு இருக்கும் வரை அந்த நிலை தொடரும். ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஓர் உளூ செய்துகொண்டால், அந்த நேரம் முடியும் வரை அந்தக் கசிவினால் உளூ முறியாது. ஷாஃபி மத்ஹபில் நேரம் வந்த பிறகு சுத்தம் செய்து, பேட் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஃபர்ளுக்கும் தனியாக உளூ செய்து தாமதமின்றித் தொழ வேண்டும். நோய் கடுமையாக இருக்கும் நாளில் ஜும்ஆ அவர் மீது கடமையில்லை, வீட்டில் லுஹர் தொழலாம்.

அவனிடம், வாசலுக்குப் பக்கத்தில், வரிசையின் ஓரத்தில் நில் தம்பி, போக வேண்டுமானால் போ என்றேன். ஜமாஅத் நிர்வாகிகளிடமும் ஒன்று சொன்னேன், இதைப் படிக்கும் மற்ற ஊர் நிர்வாகிகளுக்கும் சொல்கிறேன். தொழுகை நேரத்தில் பள்ளிக் கழிவறையைப் பூட்டி வைக்காதீர்கள். உள்ளே தண்ணீரும் விளக்கும் இருக்கட்டும்.

மறுவாரம் அவனைச் சென்னைக்கு அனுப்பினோம். சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் குடல்–இரைப்பைக்குத் தனித் துறை இருக்கிறது. ஸ்டான்லியும் தூரமில்லை. வேலூர் வசதி என்பவர்கள் சிஎம்சி போகலாம். திருத்தணியிலிருந்து ரயிலில் போகிறவர்கள் மின்சார ரயிலில் ஏறாதீர்கள், அதில் கழிவறை கிடையாது. சப்தகிரி போன்ற எக்ஸ்பிரஸில் போங்கள். ஆடிக் கிருத்திகைக் கூட்ட நாட்களில் பரிசோதனைத் தேதி வாங்க வேண்டாம், ரயிலும் பஸ்ஸும் நிரம்பி வழியும். நோய் தொடங்கி எட்டு வருடம் ஆனவர்கள், உடம்பு நன்றாக இருந்தாலும், புற்றுநோய் தலைகாட்டுகிறதா என்று பார்க்கும் கொலனோஸ்கோப்பியைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். போகும்போது இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளை எடுத்துப் போங்கள். நடுவில் எத்தனை நாள் நிறுத்தினீர்கள் என்பதையும், கடையில் வாங்கிய பொடி, லேகியம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தத் தம்பி முதலில் அதைச் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டேதான் நோய் திரும்பியது என்று நினைத்து, மருத்துவர் இன்னும் கடுமையான மருந்து எழுத இருந்தார். கூடப் போயிருந்த தாய்தான் நான்கு மாதக் கதையைச் சொன்னார்.